வீட்டுக் கடனும் ஹஜ்ஜும்

ஜனவரி 12, 2025, ஞாயிறு

இருவருக்குமான காசு தேறிவிட்டது. இடறுவது வீட்டுக் கடன்; வங்கிக்கு இன்னும் பல வருஷம் கட்ட வேண்டும். இவர் பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டு வந்தார். கெடு வந்த தவணைகளைக் கட்டிவிட்டு, போய்த் திரும்பும்வரை வீட்டுச் செலவுக்கும் வைத்துவிட்டால், மீதிக் கடன் தடையில்லை என்பது பல ஆலிம்களின் கருத்தாம். "வட்டியப் பத்தியும் கேட்டீங்களா?" என்றேன். தேத்தண்ணி கேட்டார்.

பெப்ரவரி 2, ஞாயிறு

முன்பெல்லாம் லண்டனில் ஏஜென்டிடம் பாஸ்போர்ட்டையும் காசையும் கொடுத்தால் முடிந்தது. குழுவோடு ஒரு மௌலவியும் வருவார். 2022இல் சவூதி அரசு ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களை நேரடி ஆன்லைன் பதிவுக்கு மாற்றியது. அந்த வருஷம் 'முதவ்விஃப்' தளத்தில் குலுக்கல்; அடுத்த வருஷத்திலிருந்து 'நுசுக்', முந்தியவருக்கு இடம். அதனால் வாலட்டில் பணத்தை முன்கூட்டியே போட்டு வைத்துக் காத்திருக்கிறோம். இடையில் ஆளில்லாதது நல்லதுதான். ஆனால் மினாவில் இந்த முழங்காலோடு எவ்வளவு நடக்க வேண்டிவரும் என்று யாரைக் கேட்பது? ஏஜென்ட் ஒரு பொய்யாவது சொல்லித் தேற்றுவார்.

பெப்ரவரி 9, ஞாயிறு

நாட்காட்டிப்படி ஜூன் 4இல் ஹஜ் தொடங்கும். பிறை முடிவு தெரிவதோ மே கடைசியில். லீவுப் படிவத்தில் 'ஒரு நாள் முன்பின்னாகலாம்' என்று எழுதினேன். "ஏன், விமானம் நிச்சயமில்லையா?" என்றார் மேலாளர். நிலவு நிச்சயமில்லை என்றேன்.

அதைவிடச் சங்கடம், அதே வாரம் மகளுக்கு ஜீ.சி.எஸ்.ஈ. கணிதப் பரீட்சை. ஒரு வருஷம் பொறுத்தால் அவள் பரீட்சை முடித்திருப்பாள். ஹஜ்ஜும் பத்துப் பதினொரு நாள் முன்தள்ளி மே கடைசிக்கு வந்துவிடும். கல்முனைக்குப் போன் எடுத்தேன். "அடுத்த வருஷம் மட்டும் ஹயாத்துக்கு ஆரு மகள் பொறுப்பு?" என்று கேட்டு உம்மா அந்தப் பேச்சை முடித்துவிட்டார். லெஸ்டரிலிருந்து மச்சி வந்து மகளோடு நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இவருடைய சொந்தக்காரர் ஒருவர், விசிட் விசாவில் போய்ச் சேர்ந்துகொண்டால் பாதிக் காசு மிச்சம் என்றார். போன வருஷம் மக்காவில் வெப்பம் 51.8 பாகை, 1,300 பேருக்கு மேல் மௌத்தானார்கள். ஐந்தில் நான்கு பேருக்கு மேல் அனுமதி இல்லாமல் போனவர்கள்: குளிரூட்டிய கூடாரமில்லை, பஸ் இல்லை, வெயிலில் நெடுந்தூரம் நடை. அவர்களில் பலர் ஏழைகள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. லண்டனில் வீடு வாங்கியவர்களுக்கு என்ன சாட்டு?

ஏப்ரல் 20, ஞாயிறு

இடம் கிடைத்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஹஜ் நாட்களில் அஸீஸிய்யாவில் தங்கிவிட்டுப் பிறகு ஹரமுக்கு அருகே மாறுவது; விலையும் குறைவு, மினாவும் கிட்ட. மூளைக்காய்ச்சல் ஊசியைப் போய்ச் சேர்வதற்குப் பத்து நாளாவது முன்னால் போட வேண்டும்.

பயணம் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டியவர்களின் பெயர்களை எழுதினோம். ஊராருக்குப் போன் போதும். பக்கத்து வீட்டுப் போலந்துக்காரியையும் சேர்க்கச் சொன்னார் இவர். காற்றில் விழுந்த வேலிக்கு யார் செலவு என்று அவளோடு பேச்சு முறிந்து வருஷமாகிறது. மன்னிப்புக் கேட்கப் போனால் ஹஜ் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டுமே என்றேன்.

"அது வேணாம். பாதிச் செலவ முதல்ல குடுப்பம்" என்றார். நாளைக்கே வேலிக்காரனிடம் விலை கேட்க வேண்டும்.