பெயர் இல்லாத பட்டன்

லேப் ரெக்கார்டு எழுதாத இன்ஜினியரிங் மாணவர் யாராவது உண்டா? எய்ம், அல்காரிதம், புரோகிராம், அவுட்புட்னு நாலு வருஷமா எழுதுறோம். கையெழுத்துப் போடும்போது தவிர அதை யாரும் திறப்பதில்லை. நான் இங்கே சொல்லப்போவது அதற்கு நேர் எதிரான ஒரு எழுத்தைப் பற்றி. அதைப் படிப்பவர், நீங்கள் எழுதியதை மட்டுமே நம்பி வேலை செய்வார்.

குரோம் பிரவுசரில் எஃப்12 தட்டினால் டெவ்டூல்ஸ் திறக்கும். உங்களுக்குத் தெரிந்ததுதான். பக்கம் ஏன் வேலை செய்யலைன்னு பார்க்க கன்சோல், நெட்வொர்க்னு மாறி மாறித் தேடுவோம். 2025 செப்டம்பரில் கூகுளின் குரோம் குழு இதே கருவிகளை ஏ.ஐ. ஏஜென்ட்டுகளுக்கும் திறந்துவிட்டது. அதன் பெயர் குரோம் டெவ்டூல்ஸ் எம்.சி.பி. ஏஜென்ட்டும் கருவியும் பேசிக்கொள்ள ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட பொது நெறிமுறைதான் எம்.சி.பி.

நாம பார்க்கிற மெனுவோ ஐகானோ ஏஜென்ட்டுக்குக் கிடையாது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், சில வரி விளக்கம், தர வேண்டிய உள்ளீடுகளின் பட்டியல். அவ்வளவுதான். அதைப் படிச்சுத்தான் எந்தக் கருவியை எடுக்கணும்னு அது முடிவு பண்ணும். நமக்கு டவுட் வந்தா பக்கத்து பெஞ்சில் கேட்போம். அது பெரும்பாலும் ஊகிச்சுட்டுப் போயிடும். விளக்கத்தை நீட்டினால் டோக்கன் செலவு கூடும், ரொம்பச் சுருக்கினால் ஊகம் தப்பும்.

அந்த விளக்கங்களில் ஒன்று என்னை நிறுத்தியது. பக்கத்தைப் பார்க்க ஸ்கிரீன்ஷாட்டை விட ஸ்நாப்ஷாட்டையே முதலில் எடு என்கிறது அது. இந்த ஸ்நாப்ஷாட் படமில்லை, எழுத்து. பக்கத்தின் அக்சஸிபிலிட்டி ட்ரீயில் இருந்து எடுத்த பட்டியல். இது பட்டன், அதன் பெயர் இது. இது உள்ளீட்டுப் பெட்டி, அதன் பெயர் இது என்று போகும். பார்வையற்றவர்களின் ஸ்கிரீன் ரீடர் வாசிப்பதும் இதே ட்ரீயைத்தான்.

என் மாமாவுக்குப் பார்வை கிடையாது. போனில் எல்லாம் அவரே செய்துகொள்வார். ஒரு சேவைத் தளத்தில் மட்டும் மாட்டிக்கொள்வார். "மாப்ள, எல்லாத்துக்கும் பட்டன் பட்டன்னு மட்டும்தான் சொல்லுது, எதை அமுக்குறதுன்னு தெரியல"ன்னு கூப்பிடுவார். அந்தத் தளத்தை ஏஜென்ட் மூலம் திறந்து ஸ்நாப்ஷாட் எடுத்துப் பார்த்தேன். பட்டன், பட்டன், பட்டன். ஒன்றுக்கும் பெயர் இல்லை. உள்ளே வெறும் ஐகான் படம்தான் இருந்தது. மாமா இத்தனை நாள் காதால் கேட்டதை அன்றுதான் நான் கண்ணால் படித்தேன்.

இரண்டாவது விஷயம் நம்ம ஊரைப் பற்றியது. எங்கள் ஃபைனல் இயர் புராஜெக்டில் ஒரு முகவரி ஃபார்ம் இருக்கிறது. பின்கோடின் முதல் மூன்று எண்களைப் பார்த்து மாநிலத்தை நிரப்பும் ஒரு இலவச ஸ்கிரிப்டை அதில் சோதித்தோம். மயிலாடுதுறை 609001, காரைக்கால் 609602. இரண்டுக்கும் தமிழ்நாடு என்றே போட்டது. மூன்று பக்கம் தமிழ்நாடு, கிழக்கே கடல், தலைநகர் புதுச்சேரியோ சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி. இந்த நிலவரம் அந்த ஸ்கிரிப்டுக்கு எப்படித் தெரியும்? ஏஜென்ட்டை விட்டுப் பார்க்கச் சொன்னோம். கன்சோலில் எரர் இல்லை, நெட்வொர்க்கில் எல்லாம் 200. எல்லாம் சரி என்று சொல்லிவிட்டது.

அதன் மேல் குறை சொல்ல முடியாது. டெவ்டூல்ஸ் காட்டுகிற எந்தப் பலகையிலும் காரைக்கால் எந்த மாநிலம் என்று இருக்காது. புராஜெக்ட் ஃபோல்டரில் ஏஜென்ட்டுக்கான குறிப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தோம்: "609-ல் தொடங்கும் பின்கோடை வைத்து மாநிலத்தை ஊகிக்காதே, 609602 புதுச்சேரி யூனியன் பிரதேசம்." அடுத்த முறை பிழையை அதுவே கண்டுபிடித்தது.

பிளேஸ்மென்ட் சீசனில் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: ஏஜென்ட்டே டிபக் பண்ணிட்டா நமக்கு என்ன வேலை? என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் திரையில் இல்லாததைத் தெரிந்து வைத்திருப்பவர் ஒருவர் வேண்டும், அதை அடுத்தவருக்குப் புரிகிற மாதிரி எழுதவும் வேண்டும். இந்த இரண்டையும் எந்தக் கருவியும் தானாகச் செய்யவில்லை. இங்கிலீஷ் மீடியத்தில் படித்து, இந்தக் கட்டுரையையே எழுதி எழுதித் திருத்தியவன் சொல்கிறேன்: எழுதுவது நம்ம சிலபஸில் இல்லாத ஒரு முக்கியமான லேப்.

நீங்கள் செய்த பக்கத்தை இன்றைக்கே திறங்கள். எஃப்12 தட்டி, எலிமென்ட்ஸில் ஒரு பட்டனைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் அக்சஸிபிலிட்டி பகுதியைப் பாருங்கள். பெயர் காலியாக இருந்தால் ஒரு பெயர் வையுங்கள். ஏஜென்ட்டுக்கும் உதவும், எங்க மாமாவுக்கும் உதவும்.