சிங்கப்பூரில் மிஞ்சிய பயணச்சீட்டு



தீபாவளிச் சாமான் வாங்கவோ, தைப்பூசக் காவடி பார்க்கவோ, கட்டிக்கொடுத்த மகளைப் பார்த்து வரவோ நம் ஜொகூர்த் தோட்டத்துக் குடும்பங்கள் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் போய் வருவது புதிய செய்தியல்ல. புறப்படும்போது கடப்பிதழ் இருக்கிறதா, பலகாரப் பை இருக்கிறதா என்று பத்துத் தடவை பார்க்கிறோம். ஆனால், திரும்பி வந்தபின் சட்டைப்பையில் கிடக்கும் ஒரு சிறிய அட்டையை யார் பார்க்கிறார்கள்? பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் தட்டியது போக, மிச்சப் பணத்தோடு நம்முடன் வீடு வந்து சேர்ந்த அட்டை அது. பிள்ளைகள் விளையாட எடுத்துக்கொள்வார்கள்; இல்லையென்றால் அலமாரியில் தூசி படிந்து கிடக்கும். அடுத்த முறை போகும்போது புதிதாக ஓர் அட்டை வாங்குவோம்!

இந்த மிச்ச அட்டையை எப்படிப் பேணுவது, எதற்குப் பயன்படுத்துவது என்று இந்த இதழில் கொஞ்சம் பேசுவோம். பேச்சைத் தொடங்க மார்சிலிங்தான் சரியான ஊர்.

மார்சிலிங், நமக்கு வாசற்படி

ஜொகூர் பாருவிலிருந்து கடற்பாலத்தைத் தாண்டியதும் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி. அதை ஒட்டினாற்போல் இருக்கும் குடியிருப்புப் பேட்டைதான் மார்சிலிங். உட்லண்ட்ஸ் புதுநகரின் முதல் அடுக்குமாடி வீடுகள் 1970-களில் எழுந்தது இந்தப் பக்கத்தில்தான். அதன் ரயில் நிலையம் 1996 பிப்ரவரி 10-ல் திறக்கப்பட்டது. காலில் தெம்புள்ளவர்கள் சாவடியிலிருந்து அரைமணி நேரத்துக்குள் நடந்தே நிலையத்துக்கு வந்துவிடுகிறார்கள். பெயர்ப்பலகையில் தமிழிலும் ஊர்ப்பெயர் எழுதியிருப்பதால், ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத நம் பெரியவர்களுக்கும் தடுமாற்றம் இல்லை.

அங்கிருந்து தேக்கா போவதும் எளிது. ரயிலேறி நியூட்டன் நிலையத்தில் இறங்கி, டௌன்டவுன் தடத்துக்கு மாறினால் அடுத்த நிலையமே லிட்டில் இந்தியா. வெளியே வந்தால் தேக்கா சந்தை. சிராங்கூன் சாலையில் நடந்தால் வீரமாகாளியம்மன் கோயில், இன்னும் கொஞ்ச தூரத்தில் சீனிவாசப் பெருமாள் கோயில்.

வழியில் ஈசூன் என்றொரு நிலையம் வரும். லிம் நீ சூன் என்ற சீனத் தோட்ட முதலாளியின் பெயர்தான் இப்படி மருவி நிற்கிறது. கித்தாவும் அன்னாசியும் அவருக்குச் செல்வம் கொடுத்தன. இன்று மாடி வீடுகளாக நிற்கும் இந்த வட்டாரம் ஒரு காலத்தில் நம் தோட்டங்களைப் போலவே கித்தாக்காடாக இருந்தது என்பதை ரயிலில் போகும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இரு கரைக்கும் ஒரே காசு இருந்தது

மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். கடற்பாலத்தில் கடப்பிதழ்ச் சோதனை வந்ததே 1967-ல்தான். அதே ஆண்டில் மலேசியாவும் சிங்கப்பூரும் தனித்தனி நாணயம் வெளியிட்டன. ஆனாலும் 1973 மே மாதம் வரை இரண்டும் சரிக்குச் சரியாகச் செல்லுபடியாயின. அங்கே மிஞ்சிய சில்லறையை இங்கே கடையில் கொடுத்து உப்பு புளி வாங்கலாம். ஆகவே அன்று மிச்சம் என்பது ஒரு பிரச்சினையாகவே இல்லை.

இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கிறது. அட்டைக்குள் இருக்கும் பணமோ இக்கரையில் எந்தக் கடையிலும் செல்லாது. நம் ஊர்ப் பஸ்ஸிலும் செல்லாது. அக்கரைக்குத் திரும்பிப் போனால்தான் அதற்கு உயிர் வரும்.

ஒரு கணக்குப் போடுவோமா?

ஈஸி-லிங்க் அட்டை வாங்கும்போது நாம் கொடுக்கும் பணத்தில் 5 வெள்ளி அட்டைக்கான விலை. அது திரும்பி வராது. மீதிதான் பயணத்துக்கு. நான்கு பேர் உள்ள குடும்பம் ஒவ்வொரு முறையும் புதிய அட்டைகள் வாங்கினால் 20 வெள்ளி வீண். நம் காசுக்கு 60 ரிங்கிட்டுக்கு மேல்! மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் 2025-ல் மாதம் 1,700 ரிங்கிட் ஆனது. வாரம் ஆறு நாள் வேலை என்று வைத்தால் நாளுக்கு 65 ரிங்கிட்டுச் சொச்சம். இருட்டோடு எழுந்து மரம் வெட்டியோ செம்பனைக் குலை சுமந்தோ சம்பாதித்த ஒரு நாள் கூலி, பழைய அட்டையை மறந்த ஒரே காரணத்தால் போய்விடுகிறது. பழைய அட்டைக்குள் கிடக்கும் மிச்சத்தை இதில் இன்னும் சேர்க்கவேயில்லை.

செத்த சீட்டும் உயிருள்ள சீட்டும்

எல்லாச் சீட்டையும் சேமித்து வைப்பதால் பயனில்லை. சிங்கப்பூரின் பெருவிரைவு ரயில் 1987 நவம்பர் 7-ல் ஓடத் தொடங்கியது முதல் சீட்டு பலமுறை உருமாறிவிட்டது. ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் பொதுவான காந்த அட்டை 1990-ல் வந்தது. 2002-ல் தட்டினாலே போதும் என்ற ஈஸி-லிங்க் அட்டை அதன் இடத்தைப் பிடித்தது. அந்த முதல் தலைமுறை அட்டைகளுக்கும் 2009-ல் விடைகொடுத்துவிட்டு, புதிய வகை அட்டைகளைக் கொடுத்தார்கள். பாட்டி பெட்டியில் வைத்திருக்கும் காந்த அட்டை பேரப்பிள்ளைக்குக் காட்ட உதவும், ரயிலேற உதவாது.

2013-ல் காகிதச் சீட்டு ஒன்று வந்தது. முன்பணமாக 10 காசு. முப்பது நாளுக்குள் ஆறு பயணம் செய்யலாம். மூன்றாம் பயணத்தில் முன்பணம் திரும்பிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை போகிறவர்களுக்கு அது ஒத்துவரவில்லை. 2022 மார்ச் மாதத்தோடு அதுவும் நின்றது.

நெடுநாள் செல்லும் அட்டையின் அருமையை நமக்குக் காட்டியது கொரோனா காலம். 2020 மார்ச் 18-ல் கடற்பாலம் அடைபட்டது. காலையில் போய் மாலையில் திரும்பிய பிள்ளைகள் அக்கரையிலேயே தங்க நேர்ந்தது. பேரப்பிள்ளையின் முகத்தைக் கைத்தொலைபேசியில் மட்டும் பார்த்த பாட்டிகள் எத்தனை பேர்! 2021 நவம்பர் இறுதியில் சில பஸ்கள் ஓடின. 2022 ஏப்ரல் 1-ல்தான் தடுப்பூசி போட்டவர்களுக்குத் தரைவழி முழுமையாகத் திறந்தது. இரண்டு வருடம் அலமாரியில் கிடந்தும், தவணை முடியாத ஈஸி-லிங்க் அட்டைகள் அன்று மறுபடியும் கதவைத் திறந்தன. முப்பது நாள் சீட்டு வைத்திருந்தவர்களுக்கு வெறும் காகிதமே மிச்சம்.

மிச்சத்தைக் கண்ணால் பார்க்கும் உரிமை

அட்டையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிவது சின்ன விஷயமா? 2024 ஜனவரியில் சிங்கப்பூரில் இது பெரும் பேச்சாகவே ஆனது. பெரியவர்கள் பயன்படுத்தும் பழைய வகை அட்டைகளை ஜூன் மாதத்தோடு நிறுத்தி, எல்லோரும் சிம்பிளிகோ முறைக்கு மாற வேண்டும் என்று அறிவித்தார்கள். புதிய முறையில் கதவருகே தட்டும்போது கழிந்த பணமும் மீதிப் பணமும் தெரியாது. கைத்தொலைபேசிச் செயலியிலோ நிலையத்து இயந்திரத்திலோதான் பார்க்க வேண்டும். மக்கள் முணுமுணுக்கவில்லை, வாய்விட்டே சொன்னார்கள். இரண்டு வாரத்துக்குள், ஜனவரி 22-ல், அரசாங்கம் முடிவை மாற்றிக்கொண்டது. பழைய முறையையும் தொடர்ந்து நடத்த மேலும் 4 கோடி வெள்ளி ஒதுக்குவதாகச் சொன்னது. எண்ணி எண்ணிச் செலவழிக்கிறவர்கள் தங்கள் மிச்சத்தைக் கண்ணால் பார்க்க விரும்புவது நியாயம்தானே!

நீங்கள் செய்ய வேண்டியவை

அடுத்த பயணத்துக்கு முன் இவற்றைக் கவனத்தில் வையுங்கள்:

வீடு திரும்பியதும் அட்டைகளை எல்லாம் ஓர் உறையிலிட்டுக் கடப்பிதழோடு வையுங்கள். கடப்பிதழை மறந்தால் பயணமே இல்லை. ஆகவே அட்டையும் மறக்காது.

சிங்கப்பூரில் இறங்கியதும் நிலையத்து இயந்திரத்தில் அட்டையை வைத்து, மீதிப் பணத்தையும் காலாவதித் தேதியையும் பாருங்கள். மீதி மிகக் குறைந்திருந்தால் கதவு திறக்காது; கொஞ்சம் பணம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேதி முடிந்திருந்தாலும் உடனே தூக்கி எறியாதீர்கள். பெரிய நிலையங்களிலுள்ள பயணச்சீட்டு அலுவலகத்தில் காட்டினால் மீதியைத் திரும்பப் பெற வழியுண்டு. ஆனால் அதற்கும் காலவரம்பு இருப்பதால் வருடக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது.

ஒரே பயணத்தில் ஒருவருக்கு ஓர் அட்டை வேண்டும். ஒரே அட்டையைத் தட்டி இருவர் நுழைய முடியாது. ஆனால் பெயர் எழுதாத சாதாரண அட்டையை இந்த மாதம் அண்ணன் கொண்டுபோகலாம், அடுத்த மாதம் அண்ணி கொண்டுபோகலாம். மாணவர், முதியோர் சலுகை அட்டைகளை மட்டும் பிறர் பயன்படுத்தக் கூடாது.

வங்கி அட்டையைத் தட்டியும் ரயிலேறலாம். ஆனால் வெளிநாட்டு வங்கி அட்டை என்றால் பயணம் செய்யும் நாளுக்கு 60 காசு நிர்வாகக் கட்டணம் உண்டு. மிச்சமுள்ள அட்டைக்கு அந்தச் செலவு இல்லை.

கடற்பாலத்துப் பஸ்ஸில் காசு கொடுத்துச் சீட்டு வாங்கினால், குடிநுழைவுச் சோதனைக்கு இறங்கும்போது அதைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள். சோதனை முடிந்து, அதே நிறுவனத்தின் அடுத்த பஸ்ஸில் ஏறும்போது அந்தச் சீட்டைத்தான் காட்ட வேண்டும்.

மிச்சத்தில் ஒரு பயணம்

சாமான் வாங்கி, கோயில் கும்பிட்டு, உறவினரைப் பார்த்த பிறகும் அட்டையில் நாலைந்து வெள்ளி இருக்கிறதா? அடுத்த முறை அதில் பிள்ளைகளை ஓர் இடத்துக்கு அழைத்துப் போங்கள். மார்சிலிங்கில் ரயிலேறி பீஷானில் வட்டத் தடத்துக்கு மாறினால் பொட்டானிக் கார்டன்ஸ் நிலையம் வரும். ஒருவருக்குப் போக இரண்டு வெள்ளிச் சொச்சம். அந்தப் பூந்தோட்டத்துக்குள் நுழையக் கட்டணமில்லை.

1877-ல் இங்கிலாந்திலிருந்து 22 கித்தாக் கன்றுகள் அங்கேதான் வந்து சேர்ந்தன. அவற்றில் சில பேராக்கின் கோலகங்சாருக்கும் போயின. 1888-ல் அந்தத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லியதாகச் சீவி, அதே வெட்டை மீண்டும் மீண்டும் திறந்து பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். கித்தா நடுங்கள் என்று பார்த்தவர்களிடமெல்லாம் அவர் சொல்ல, பைத்தியக்காரர் என்று பட்டம் சூட்டிச் சிரித்தார்கள். பின்னர் மலாயா முழுவதும் கித்தாக்காடானது. அந்தக் காட்டில் உழைக்கத்தான் நம் பாட்டன் பூட்டன்மார் கப்பலேறி வந்தார்கள். நம் கையிலிருக்கும் பால்கத்தியின் வரலாறு அந்தப் பூந்தோட்டத்தில் தொடங்குகிறது. யுனெஸ்கோ 2015-ல் அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

ஆகவே வாசகர்களே, அட்டைக்குள் கிடக்கும் அந்த மிச்சம் முடிந்துபோன பயணத்தின் குப்பையல்ல. நீங்களே முன்கூட்டிக் கட்டிவைத்த அடுத்த பயணத்தின் பணம். இன்று இரவே அலமாரியைத் திறந்து தேடிப் பாருங்கள். கிடைத்தால், பக்கத்து லயத்தில் அடுத்த வாரம் சிங்கப்பூர் புறப்படுகிறவர் யாராவது இருந்தால் அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.