நிலாவெளி வீதியில் கற்ற பாடம்

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து வடக்கே புல்மோட்டை நோக்கிச் செல்லும் வீதியைத் துவிச்சக்கரவண்டியிற் கடந்தவர்கள் அதனை எளிதில் மறக்கமாட்டார்கள். உப்புவெளிப் பக்கத்தே, இரண்டாம் உலகப் போரில் உயிர்நீத்த வீரர்களின் கல்லறைத் தோட்டம் வீதியோரமாய் அமைதியுடன் காட்சி தரும். சாம்பல்தீவைத் தாண்டிப் பனைகளும் வெங்காயத் தோட்டங்களும் மாறி மாறி வர, ஏறத்தாழ 15 கிலோமீற்றரில் நிலாவெளி வந்துவிடும். வெண்மணற் கரையில் நின்று கிழக்கே நோக்கினால், ஒரு கிலோமீற்றர் தொலைவில் புறாமலை தெரியும். 1963ஆம் ஆண்டிலேயே சரணாலயமாக்கப்பட்டு, 2003இல் தேசியப் பூங்காவாக உயர்ந்த சிறு தீவு அது. பின்னர் இறக்கக்கண்டிக் களப்பின் பாலத்தைக் கடந்து, கும்புறுப்பிட்டியையும் தாண்டினால், பட்டினத்திலிருந்து 33 கிலோமீற்றர் அளவில் குச்சவெளியை அடையலாம். 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையையும், 2009 வரை நீடித்த போரையும் கண்ட கரை இது. இன்று மாணவர்கள் அச்சமின்றிச் சைக்கிள் மிதிக்கும் வீதி.

இவ்வழகை வருணிப்பதற்காக நாம் பேனாவை எடுக்கவில்லை. வயிற்றைப் பற்றியே இன்று பேசப் போகிறோம். நெடுந்தூரம் மிதிப்போர் வழியில் எதை உண்பது என்னும் கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். எமக்கும் ஒருகாலத்தில் அவ்வாறே தோன்றிற்று.

சில ஆண்டுகளுக்கு முன், ஆவணி விடுமுறையில், எம்மிடம் பயிலும் மாணவர் ஒன்பதின்மரை அழைத்துக்கொண்டு குச்சவெளிக்குப் புறப்பட்டோம். போக வர 66 கிலோமீற்றர். சைக்கிள்களின் காற்றையும் தடுப்பையும் ஒவ்வொன்றாகச் சோதித்தோம். உணவைப் பற்றி மட்டும், “அவரவர் வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள்” என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டோம்.

குச்சவெளியில் ஒரு மரநிழலிற் பொதிகள் அவிழ்ந்தன. இடியப்பமும் சம்பலும், உழுந்து வடையும், கோழிக்கறியும் சோறுமாக ஒரு விருந்தே நடந்தது. ஒரு மாணவன் மட்டும், “சேர், எனக்குப் பசியில்லை, கடலைப் பார்த்துவிட்டு வருகிறேன்” என்று எழுந்து போனான். கடல்மேல் அவனுக்கு அத்தனை காதலா என்று நாமும் நகைத்தோம்.

திரும்பும் வழியிற் கச்சான் காற்று எழுந்தது. ஆவணியில் இக்கரையோரத்தே தென்மேற்கிலிருந்து வீசும் வறண்ட வெங்காற்று அது. போகும்போது முதுகைத் தள்ளியது, வரும்போது மார்பை அழுத்தியது. வடையும் கறியும் உண்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்தங்கினர். கடல் பார்க்கப் போனவனோ இறக்கக்கண்டிக்கு இப்பால் வண்டியை மெல்லச் சாய்த்துவிட்டு நிலத்தில் அமர்ந்துவிட்டான். கைகள் நடுங்கின, உடல் வியர்த்துக் குளிர்ந்திருந்தது, கேட்ட கேள்விக்கு வேறு ஏதோ விடை சொன்னான்.

அருகிலிருந்த தேநீர்க் கடையின் முஸ்லிம் மூதாட்டி ஒருவர் அவனைப் பார்த்ததுமே, “காலையில என்னம்மா சாப்பிட்டாய்?” என்று கேட்டார். அவன் தலை குனிந்தான். சீனி மிகுத்த வெறுந்தேநீரையும் மூன்று பேரீச்சம்பழங்களையும் அவர் கொடுத்தார். கால்மணி நேரத்தில் அவன் கண்களில் ஒளி திரும்பியது. காசு கொடுத்தோம், அவர் வாங்கவில்லை. காலையிலும் அவன் உண்ணவில்லை, கொண்டு வருவதற்கும் வீட்டில் ஒன்றும் இருக்கவில்லை என்பதை அதன்பின்னரே அறிந்தோம். அவன் தாய் பிள்ளையை எம்மை நம்பியல்லவா அனுப்பியிருந்தார்! அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

அந்த வெட்கமே எம்மை நூல்களைப் புரட்ட வைத்தது. நாம் உண்ணும் மாச்சத்தில் ஒரு பகுதி கிளைக்கோசன் என்னும் வடிவில் தசைகளிலும் ஈரலிலும் சேமிக்கப்படுகிறது. வளர்ந்த ஒருவரின் உடலில் இச்சேமிப்பு ஏறத்தாழ 400 முதல் 500 கிராம் வரையே இருக்கும். கடுமையாக மிதித்தால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அது பெரிதும் வற்றிவிடக்கூடும். இரவு முழுதும் உண்ணாதிருந்து, காலையிலும் உண்ணாதவனுக்கு ஈரலின் இருப்பு முன்னரே குறைந்திருக்கும். இருப்பு வற்றும்போது குருதியிற் சீனி தாழும்; கால் சோரும், கை நடுங்கும், மதி மயங்கும். ஆகவே பசி எடுத்த பின்னர் உண்பது காலங்கடந்த செயலாகிவிடுகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில், மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாச்சத்தைச் சிறிது சிறிதாக உட்கொள்ள வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவர் கூறும் பொதுவிதி.

பிரான்சில் 1903ஆம் ஆண்டு தொடங்கிய ‘தூர் த பிரான்ஸ்’ என்னும் மாபெரும் சைக்கிளோட்டத்தில், வீரர்களுக்குத் தோளில் மாட்டும் சிறு துணிப்பைகளில் வழியுணவு நீட்டப்படும் வழக்கம் உண்டு. இன்று அப்பைகளில் இருக்கும் பண்டங்களுள் ஒன்று, சோற்றைக் குழைத்து இனிப்பிட்டுச் சிறு துண்டங்களாக வெட்டிப் பொதிந்தது என்றால் நம் தாய்மார் சிரிப்பார்கள். கட்டுச்சோற்றின் அருமையை நாம் அயலாரிடம் கற்க வேண்டியதில்லை. முல்லைத்தீவுப் பக்கமிருந்து கரையோரமாகத் திருகோணமலைக்கு வந்து, அப்பால் கதிர்காமம் நோக்கி நடக்கும் பாதயாத்திரிகர்களும் வழியுணவின் நுட்பம் அறிந்தவர்களே.

வழியுணவு நான்கு பரீட்சைகளில் தேற வேண்டும்: ஒரு கையால் எடுத்து உண்ணத்தக்கதாக இருத்தல், வெயிலிற் கெடாமை, விரைவிற் செரித்தல், எவர் வீட்டுக்கும் எட்டிய விலை.

இப்பரீட்சையில் முதலில் தேறுவது வாழைப்பழம். கதலியோ இதரையோ, தோலே அதற்கு உறை. நன்கு கனிந்ததாயின் சீனியாகவே மாறியிருக்கும். ஆயின் பையின் அடியில் வைத்தால் நசுங்கும். சீப்பாகவே முன்கூடையில் வைப்பது நலம். இரண்டாவது பேரீச்சம்பழம். உலர்ந்த பழத்தின் எடையில் ஏறத்தாழ முக்காற்பங்கு மாச்சத்தே. நாள் முழுதும் நோன்பிருப்போர் அதனைக் கொண்டே நோன்பு துறப்பதன் பொருத்தம் அம்மூதாட்டியின் கடையில் எமக்கு விளங்கிற்று. மூன்றாவது பனங்கட்டி. குட்டானை உடைத்து, சிறு துண்டுகளாக்கித் தாளிற் சுற்றி வைத்தால் வாயில் அடக்கிக்கொண்டே மிதிக்கலாம்.

பயற்றம்பணியாரமும் பொரிவிளாங்காயும் பல நாள் கெடாதவை. பின்னது கல்லைப் போன்றதாகையால், சைக்கிளில் இருந்தபடி கடிக்க முயல்வோர் பல்லுக்கு நாம் பொறுப்பில்லை. நிழலில் நிற்கும்போது உண்க. எள்ளுருண்டையும் கச்சானும் சத்து மிக்கவை. ஆயின் எள்ளிலும் கச்சானிலும் ஏறத்தாழ அரைப்பங்கு கொழுப்பாதலின் மெதுவாகவே செரிக்கும். கச்சான் காற்றுக்குக் கச்சான் கடலை உடனடி மருந்தாகாது; பயணம் முடிந்த பின் கொறிப்பதற்கு அதைவிடச் சிறந்தது வேறில்லை. தொதலுக்கும் தேங்காய்ப்பாற் கொழுப்புண்டு. வெயிலில் இளகிக் கையோடு ஒட்டும். விசுக்கோத்து உலர்ந்த வாயில் மாவாய் அடைக்கும். சொக்கிலேற்றோ நிலாவெளியை எட்டுமுன் குழம்பாகிவிடும். புளுக்கொடியல் மென்று முடிவதற்குள் புல்மோட்டையே வந்துவிடும்!

நீரையும் மறத்தலாகாது. வியர்வையோடு உப்பும் வெளியேறுகிறது. இளநீரிற் பொற்றாசியம் மிகுதி, சோடியம் குறைவு. ஆதலின் சிட்டிகை உப்பிட்டுப் பருகுவது தகும். தாகம் எடுக்கும்வரை காத்திராது, வழியில் அடிக்கடி சிறிதளவு பருகி வருவது நன்று. நீரிழிவு உள்ளோர் தம் வைத்தியரைக் கேட்டே புறப்படுக.

மறு ஆண்டும் அதே வீதியிற் சென்றோம். இம்முறை தனிப்பொதிகளுக்கு இடமளிக்கவில்லை. ஆளுக்கு ஒரு சிறு தொகை என்று முதலில் எண்ணினோம். அதுவும் ஒருவனைக் கடல் பார்க்க அனுப்பிவிடக்கூடும் என அஞ்சி அவ்வெண்ணத்தைக் கைவிட்டோம். வீட்டிலே எமது மனைவியார் பயற்றம்பணியாரம் சுட்டுத் தந்தார். வாழைப்பழமும் பேரீச்சம்பழமும் பனங்கட்டியும் பட்டினச் சந்தையில் நாமே வாங்கினோம். எல்லாவற்றையும் பத்துச் சமபங்காக்கி, பத்துத் துணிப்பைகளில் இட்டோம். புறப்படுமுன் எல்லாரும் எம் வீட்டுத் திண்ணையில் ஒன்றாயிருந்து பாணும் வாழைப்பழமும் உண்டனர். சாம்பல்தீவில் ஒரு நிறுத்தம், நிலாவெளியில் ஒன்று, கும்புறுப்பிட்டியில் ஒன்று. ஓடிக்கொண்டே உண்பது நன்கு பழகியவர்க்கே ஆகும். வாகனங்கள் விரையும் வீதியில் மாணவர்கள் இறங்கி நின்றே உண்ண வேண்டும் என்பது எமது கண்டிப்பான விதி.

சென்ற ஆண்டு மயங்கியவனே இவ்வாண்டு முன்னணியிற் சென்றான். அம்மூதாட்டியின் கடை வந்ததும் அவனாகவே நிறுத்தினான். தன் துணிப்பையில் மீதியிருந்த பயற்றம்பணியாரத்தில் இரண்டை எடுத்து அவரிடம் நீட்டினான். அவர் வாங்கிக்கொண்டு, “இண்டைக்குச் சாப்பிட்டியா?” என்று கேட்டார். “ஓம், உம்மா” என்றான்.

பிள்ளைகளை நெடும்பயணத்துக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியரும் பெற்றோரும், புறப்படும் காலையில் சைக்கிளின் காற்றைச் சோதிப்பதோடு அந்த மூதாட்டியின் கேள்வியையும் ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியே, மற்றவர் காதிற் படாமல், கேட்டுவிடுவார்களாக.