கறுப்புக்குள் தேடுகிறவர்கள்

இருட்டில் ஒரு சின்ன வேன் குலுங்கிக் குலுங்கிப் போகிறது. உள்ளே இருப்பவர் காதில் கைபேசி. சிக்னல் வருகிறது, போகிறது. கத்திக் கத்திப் பேசுகிறார், மறுமுனைக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. சிகரெட்டை மட்டும் விடுவதில்லை. விளக்கம் சொல்ல ஒரு குரல் கிடையாது, பேட்டி கிடையாது. ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

‘சபாயா’ (அடிமைப் பெண்கள்) இப்படித்தான் நகர்கிறது. குர்திஸ்தானில் பிறந்து ஸ்வீடனில் குடியேறிய ஹோகிர் ஹிரோரி எடுத்த படம். 2021இல் சண்டான்ஸ் விழாவில் உலக ஆவணப்பட இயக்குநர் விருது வாங்கியது.

வேன் போகிற இடம் அல்-ஹோல் முகாம். சிரியாவின் வடகிழக்கு மூலை, இராக் எல்லைக்குப் பக்கம். 2019 மார்ச்சில் பாகூஸ் வீழ்ந்து ஐ.எஸ். கையிலிருந்த கடைசித் துண்டு நிலமும் போனபோது, அங்கிருந்து வெளியேறிய குடும்பங்களைக் கொண்டுவந்து சேர்த்தது இங்கேதான். அந்த ஆண்டில் முகாமில் இருந்தவர்களின் எண்ணிக்கை 70,000ஐத் தாண்டியது. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை கூடாரங்கள், நடுவே உச்சி முதல் உள்ளங்கால் வரை கறுப்பு போர்த்திய உருவங்கள். அதற்குள் எங்கோ யாசிதி என்ற சிறுபான்மைச் சமயத்துப் பெண்கள். 2014 ஆகஸ்ட் 3 அன்று இராக்கின் சிஞ்சாருக்குள் ஐ.எஸ். நுழைந்தபோது பிடிபட்டவர்கள். அப்போது கொண்டுபோகப்பட்டவர்கள் 6,000 பேருக்கு மேல். இன்னும் திரும்பாதவர்களைத் தேடித்தான் அந்த வேன் போகிறது.

டார்ச் வெளிச்சம் ஒரு கூடாரத்துக்குள் பாய்கிறது. தேடி வந்தவர்கள் கையில் ஒரு புகைப்படம், அதுவும் வருடக்கணக்கில் பழையது. எதிரே நிற்பவளுக்குக் கண் மட்டும்தான் வெளியே தெரிகிறது. அந்தக் கண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். கேட்டால் உண்மை வருமா? ஐந்து வருடமாக வேறு பெயர், வேறு மொழி. திரும்பிப் போனால் உன் சனமே உன்னைக் கொன்றுவிடும் என்று சொல்லிச் சொல்லி வைத்திருக்கிறார்கள். பக்கத்துக் கூடாரத்துக்காரி காது கொடுத்துக்கொண்டிருப்பாள். நான் யாசிதி என்று வாய் திறப்பது அவ்வளவு லேசான காரியம் இல்லை.

அதனால்தான் பெண்களையே உள்ளே அனுப்புகிறார்கள். அவர்களில் சிலர் இதே நரகத்திலிருந்து மீண்டு வந்தவர்கள். கறுப்பை எடுத்து மறுபடி மாட்டிக்கொள்கிறார்கள். கும்பலோடு கும்பலாகக் கலந்து, விசாரித்து, யார் எந்தக் கூடாரம் என்று செய்தி அனுப்புகிறார்கள். வெளியே துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்களின் தைரியம் எனக்குப் புரிகிறது. தப்பி வந்தவள் எந்த நெஞ்சோடு திரும்ப உள்ளே போனாள் என்பதுதான் பிடிபடவில்லை. படம் அவர்கள் பக்கம் இன்னும் கொஞ்சம் திரும்பியிருக்கலாம். வேனைத் துரத்திச் சுடும் காட்சிக்குக் கிடைத்த நேரம் இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

மீட்டவர்களை முதலில் அழைத்துப் போவது ஒரு வீட்டுக்கு. அங்கே வேனில் பார்த்த அந்தத் தேடுபவரின் அம்மாவும் மனைவியும் இருக்கிறார்கள். அம்மா எதையும் துருவிக் கேட்பதில்லை. வந்தவள் கறுப்பைக் கழற்றி வேறு உடை மாற்றிக்கொள்ள உதவுகிறார். வீட்டுப் பொடியன் குறுக்கே நெடுக்கே ஓடுகிறான். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வருகிறாள். பிடித்துக்கொண்டு போகும்போது ஒரு வயது. குர்திஷ் தெரியாது, வாயைத் திறந்தால் அரபு. சொந்த மனிதர்கள் மத்தியில் அந்நியச் சிறுமியாக உட்கார்ந்திருக்கிறாள்.

இன்னொருத்திக்குக் கைக்குழந்தை. ஐ.எஸ். ஆளுக்குப் பிறந்தது. ஊருக்குப் போக வேண்டுமானால் குழந்தையை விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். 2019 ஏப்ரலில் யாசிதி ஆன்மிக சபை தப்பி வந்தவர்களை வரவேற்பதாகச் சொன்னது. எல்லாக் குழந்தைகளுக்கும் என்று பலர் நம்பிய அந்த வரவேற்பு, வல்லுறவில் பிறந்த குழந்தைகளுக்கு இல்லை என்று சில நாட்களிலேயே விளக்கமும் வந்தது. இராக் சட்டப்படி முஸ்லிம் தகப்பனின் பிள்ளை முஸ்லிம்தான். பிடித்து வைத்தவன் செய்த கொடுமைக்கு மேல் காப்பாற்றுகிறவர்களும் ஒன்றைச் செய்கிறார்கள். படம் இதை அழுத்திச் சொல்லவில்லை. நான் சொல்வேன்.

படம் வெளிவந்த பிறகு அதைப் பற்றி வேறு செய்திகள் வந்தன. எங்களைப் படத்தில் காட்ட வேண்டாம் என்றோமே என்று சில பெண்கள் சொன்னதை 2021 செப்டம்பரில் ‘நியூயார்க் டைம்ஸ்’ எழுதியது. சம்மதக் கையெழுத்துக் கேட்டு வந்த படிவம் ஆங்கிலத்தில் இருந்ததாம். அவர்களுக்கு அந்த மொழி தெரியாது. அடுத்த ஆண்டு ஸ்வீடனின் ‘குவார்டல்’ இதழ் துருவியபோது, முக்கியமான ஒரு மீட்புக் காட்சியில் இருப்பது வேறொரு பெண் என்று இயக்குநர் ஒப்புக்கொண்டார். மீட்பு நடந்ததே பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. அந்த வேன் நிஜம், முகாம் நிஜம், உள்ளே போன பெண்களும் நிஜம். ஆனால் ஓரமாக நின்று பார்ப்பதாக நம்பவைத்த கேமரா, ஒருத்தியின் கதைக்கு இன்னொருத்தியின் உடம்பைக் கேட்காமல் எடுத்துக்கொண்டது. ஆளை மாற்றி ஆளாக விற்கப்பட்டவர்களைப் பற்றிய படத்தில் இதைச் செய்திருக்கிறார்கள் என்பதை என்னால் சாதாரணமாகத் தாண்டிப்போக முடியவில்லை.