கார் வாங்கப்போகும் தம்பிக்கு

கோயம்புத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய மூன்று கார்களின் படங்களையும் நானும் மாமாவும் உட்கார்ந்து பார்த்தோம். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன். அப்பா இன்னமும் “அந்தக் காசுக்குப் புதுசா ஒரு சின்ன வண்டி எடுத்தா என்ன” என்கிறார். அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன். உனக்குச் சின்ன வயதிலிருந்தே வண்டி ஓட்டுவதில் இருக்கும் ஆசை எனக்குத் தெரியும். பழைய ஜப்பான் செடான் எடுத்து, அதைக் கொஞ்சம் நம் கைக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ளலாம் என்ற உன் யோசனையும் நல்ல யோசனைதான். ஆனால் நீ பார்த்து வைத்திருக்கும் மூன்றும் வேண்டாம்.

முதலில் அந்த வெள்ளை ஹோண்டா சிட்டி வீடெக். செட்டிப்பாளையத்தில் ரேஸ் டிராக்கை வைத்துக்கொண்டு, நரேன் கார்த்திகேயன் பெயரைக் கேட்டு வளர்ந்த ஊர்ப் பிள்ளைக்கு அந்தக் காரின் மேல் மனம் போகாவிட்டால்தான் ஆச்சரியம். 2000-ல் வந்த அந்த 1.5 வீடெக் இன்ஜின் 106 குதிரைத்திறன் தந்தது. அந்தக் காலத்தில் நம் சாலையில் அந்த விலைக்கு அப்படி ஓடிய கார் வேறில்லை. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயங்களில் அது ஓடிய ஓட்டத்தை மாமா இன்றும் சொல்வார். ஆனால் நீ பார்த்தது 20 வருஷம் தாண்டிய வண்டி. அந்த மாடலில் இன்று மிச்சம் இருப்பவற்றில் பல ஏற்கெனவே யாரோ ஒரு பையனின் ஆசைக்கு உட்பட்டவைதான். ஒருவர் எக்ஸாஸ்ட் மாற்றியிருப்பார், இன்னொருவர் ஸ்பிரிங்கை வெட்டியிருப்பார், மூன்றாமவர் ஸ்டீரியோவுக்காக வயரிங்கை அறுத்து டேப் சுற்றியிருப்பார். 20 வருஷம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க இப்போது 10,000 ரூபாய் கட்டணம். வீட்டில் இன்னொரு கார் இருந்து, ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் இதை எடுப்பதாக இருந்தால் நானே வாங்கச் சொல்லியிருப்பேன். தினமும் வேளச்சேரியிலிருந்து சிறுசேரி போய் வர ஆகாது.

லான்சரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நம் திருவள்ளூரில் தயாரான கார், கையில் கனமாக, நிதானமாக நிற்கும் ஸ்டீயரிங். எல்லாம் சரி, ஒரு ஹெட்லைட் உடைந்தால் அதற்காக எத்தனை வாரம் அலைவாய் என்று யோசித்துப் பார்.

சிவிக்தான் உன்னை உண்மையிலேயே இழுக்கிறது, இல்லையா? எனக்கும் பிடித்த கார் அது. 1.8 லிட்டர், 132 குதிரைத்திறன், பின்பக்கம் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன். அவினாசி ரோட்டில் ஒருமுறை ஓட்டியிருக்கிறேன், இறங்கவே மனம் வரவில்லை. சிக்கல் அதன் உடம்பில் இருக்கிறது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2,700 மில்லிமீட்டர். நான் கீழே சொல்லப்போகும் சிட்டிக்கு 2,550. அந்த நீளத்தோடு வயிறும் தாழ்வு. நாலு பேர் ஏறினால், தெரு முனையில் அளவில்லாமல் போட்டு வைத்திருக்கும் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் அடி தட்டும். உங்கள் பகுதியில் மழைத்தண்ணீர் தேங்கும் தெருக்களை நினைத்தாலே எனக்கு அந்தக் காரின் மேல் பரிதாபம் வருகிறது. இதைப் போய் நீ இன்னும் இரண்டு விரல் தாழ்த்தலாம் என்று எழுதியிருக்கிறாய்! பாகங்களின் விலையும் சிட்டியைவிட ஒரு படி மேல். வாங்கும் விலை குறைவாக இருக்கிறதே என்று பார்க்காதே, வைத்து ஓட்டும் செலவு பெரிய காரின் செலவாகவேதான் இருக்கும்.

என் முடிவு இது: 2012 அல்லது 2013 மாடல் ஹோண்டா சிட்டி, ஐ-வீடெக் பெட்ரோல், 5 கியர் மேனுவல். ஒரே ஓனர் வண்டியாக, யாரும் எதையும் மாற்றாததாகத் தேடு. 1497 சிசி இன்ஜின், 118 குதிரைத்திறன், வண்டியின் எடை 1,100 கிலோவை ஒட்டித்தான். அந்த எடைக்கு அந்தத் திறன் தாராளம். டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். மெதுவாக ஓடும்போது சிலிண்டருக்கு இரண்டாக இருக்கும் இன்டேக் வால்வில் ஒன்று பேருக்குத்தான் திறக்கும். இன்ஜின் வேகம் ஏறியதும் இரண்டும் முழுதாகத் திறக்கும். அதனால் ஓ.எம்.ஆர். நெரிசலில் பெட்ரோலைக் குடிக்காது. ஊருக்கு வரும்போது பைபாஸில் நீ மிதித்தால் 6,600 ஆர்.பி.எம். வரை சலிக்காமல் ஏறும். இந்தக் குணத்தை நீ காசு கொடுத்துப் பொருத்த வேண்டியதில்லை, வண்டியிலேயே இருக்கிறது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். 2009 ஜனவரிக்குப் பிறகு செய்த தன் கார்களின் பாகங்கள் அதைத் தாங்கும் என்று ஹோண்டா நிறுவனமே சொல்லியிருக்கிறது. பழைய வீடெக்குக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

வண்டி பார்க்கக் காலையிலேயே போ. போனதும் பானெட்டில் கை வை. சூடாக இருந்தால் நீ வருவதற்கு முன்பே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடு. குளிர்ந்த இன்ஜின் எப்படிப் பிடிக்கிறது என்பதைக் காதால் கேட்க வேண்டும். டேப்பெட் சத்தம் லேசாக இருந்தால் பயப்படாதே, அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளலாம். நீலப் புகை வந்தால் மேலே பேசாதே.

சென்னை வண்டி என்பதால் வெள்ளம்தான் என் பெரிய கவலை. 2015 டிசம்பரிலும், 2023-ல் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய கார்கள் கழுவித் துடைத்துக் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. எல்லா சீட் பெல்ட்டையும் கடைசி வரை இழுத்துப் பார். வெளியே தெரியும் நாடாவைச் சோப்புப் போட்டுக் கழுவியிருப்பார்கள். சுருளுக்குள் இருக்கும் கடைசி முழத்தில் மண் கறை அப்படியே நிற்கும். பிறகு முன் சீட்டைப் பின்னால் தள்ளி, அடியில் இருக்கும் போல்ட்டுகளை டார்ச் அடித்துப் பார். காருக்குள் இருக்கும் போல்ட்டில் துரு ஏறியிருந்தால் சந்தேகப்படு. ஸ்டெப்னியைத் தூக்கி அந்தக் குழியையும் தடவிப் பார்.

அடிபட்ட வண்டியைக் கண்ணாடி காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் தயாரித்த வருஷத்தின் குறியீடு பொடி எழுத்தில் இருக்கும். எல்லாம் ஒத்துப்போக வேண்டும். ஒரு கதவில் மட்டும் வேறு வருஷம் இருந்தால், அந்தக் கதவின் ரப்பர் பீடிங்கை உரித்து உள்ளே பார்: கம்பெனியில் வைத்த வெல்டிங் புள்ளிகள் வரிசையாக, ஒரே அளவில் இருக்கும், டிங்கரிங் பட்டறையில் வைத்தவை அப்படி இருக்காது. பானெட் கீலின் போல்ட்டில் ஸ்பானர் பட்டுப் பெயின்ட் உதிர்ந்திருக்கிறதா என்றும் பார்.

காகிதத்தில் உனக்கு என்னைவிட விவரம் உண்டு. ஆர்.சி.யில் லோன் பாக்கி, கட்டாத அபராதம், இன்ஷூரன்ஸில் எடுத்த க்ளெய்ம், இவற்றைப் பார்த்துவிடு. ஒன்றை மட்டும் மறக்காதே. அந்த வருஷத்து ஹோண்டா கார்கள் பலவற்றை டகாட்டா ஏர்பேக் குறைபாட்டுக்காகக் கம்பெனி திரும்ப அழைத்து, இலவசமாக மாற்றிக் கொடுத்தது. சேஸிஸ் நம்பரை ஹோண்டா இணையதளத்தில் போட்டால் இந்த வண்டிக்கு அந்த வேலை முடிந்ததா என்று தெரிந்துவிடும். முடியவில்லை என்றால் வாங்கியதும் முதல் வேலை அதுதான்.

இனி நீ ஆசையாகக் கேட்ட மாடிஃபிகேஷன். கையில் இருக்கும் 4 லட்சத்தையும் வண்டியிலேயே போட்டுவிடாமல் 70,000 ரூபாயைத் தனியாக வை. அதில் முதல் செலவு லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு, இன்ஜின் மவுன்ட், ஷாக், பிரேக் பேடு, பிரேக் ஆயில். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஓடிய காரில் இந்த ரப்பரெல்லாம் தளர்ந்திருக்கும். ஓட்டுகிறவருக்கு அது மெல்ல மெல்லப் பழகிப்போய், கார் இப்படித்தான் என்று நினைத்துக்கொள்வார். எல்லாவற்றையும் மாற்றி அலைன்மென்ட் பார்த்த பிறகு நம் மருதமலை வளைவில் ஏறிப் பார், வேறு கார் மாதிரி இருக்கும். கம்பெனியிலிருந்து வந்த நாளில் அது எப்படி ஓடியது என்று தெரிந்த பிறகுதான் எதை மாற்ற வேண்டும் என்ற கேள்விக்கே அர்த்தம் உண்டு.

அடுத்தது டயர். கம்பெனி போட்டது 175/65 ஆர்15. அதே வீலில் 185/60 ஆர்15 போடலாம். மொத்த உயரம் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் மாறும், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, தரையைப் பிடிப்பது நன்றாகக் கூடும். பெரிய 17 அங்குல அலாய் வேண்டாம். வீல் கனத்தால் இழுவை போகும், குழியில் விழுந்தால் ரிம் வளையும். ஸ்டீயரிங் கவர், நல்ல ஸ்பீக்கர், சீட்டுக்குத் தரமான துணி உறை, இவற்றில் உன் ரசனையைக் காட்டு.

சத்தமான எக்ஸாஸ்ட், வெட்டிய ஸ்பிரிங், கறுப்பு ஃபிலிம், எதிரில் வருகிறவர் கண்ணைக் குருடாக்கும் எல்.இ.டி. பல்பு, இவை வேண்டவே வேண்டாம். கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும். நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பது இதைத்தான். அந்தக் கேள்விக்கு நீ பதில் தேடி நிற்கும் நிலை வரவே கூடாது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

நல்ல வண்டி கண்ணில் பட்டால் அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிடாதே. கன்சல்டிங்காரர் “சாயந்திரம் இன்னொரு பார்ட்டி வருது” என்று சொல்வார். சொல்லட்டும், சிட்டி நிறைய கிடைக்கிற கார், இது போனால் இன்னொன்று வரும். சேஸிஸ் நம்பரையும், சீட் பெல்ட் நுனியின் படத்தையும், கண்ணாடி மூலைகளின் படத்தையும் எனக்கு அனுப்பு. பார்த்துவிட்டு மாமாவும் நானும் அடுத்த ரயிலிலேயே கிளம்பி வருகிறோம். நாங்கள் ஓட்டிப் பார்க்கும் வரை பொறுத்துக்கொள், சாமி.

அன்புடன்,
உன் அக்கா