புனேயில் பெற்ற பாடம்

முழங்கால் வலியால் ஈராண்டுகளாக முழந்தாட்படியிட இயலாமல், நற்கருணை ஆராதனையின்போதும் நாற்காலியில் அமர்ந்து கூசினேன். சென்ற மார்கழியில் புனே சென்றிருந்தபோது, நண்பர் ஒருவர் ஐயங்கார் முறை யோகப் பயிற்சிக்கு அழைத்துச் சென்றார்.

1937-இல் அந்நகருக்கு வந்து, 2014-இல் மறையும்வரை அங்கு வாழ்ந்தவர் பி.கே.எஸ். ஐயங்கார். சிறுவயதில் காசநோயால் நலிந்த அவர், இயலாதவரும் ஆசனம் பயிலும் பொருட்டு மரக்கட்டை, கயிறு, மடித்த போர்வை முதலியவற்றைத் துணையாக்கினார்.

அவை கிழவர்களுக்கு என்றெண்ணி ஒதுக்கினேன். வீராசனத்தில் வலி பொறாமல் சாய்ந்தேன். ஆசிரியை எதுவும் பேசாது, என் பாதங்களுக்கிடையே கட்டைகளை அடுக்கி அவற்றின்மேல் அமர்த்தினார். வலி தணிந்தது.

இன்று மடித்த போர்வைமீது சிறிதுநேரம் முழந்தாட்படியிடுகிறேன். பிறர் உதவியை ஏற்பது தாழ்வன்று என நோயாளிகளுக்குச் சொல்லிவந்த நான், அதனைக் கற்றது அங்கேதான்.