துப்பாக்கிக்கு ஒரு வார்

போன மாதம் என் தம்பி மகன் விடுப்பில் சுந்தரபாண்டியம் வந்திருந்தான். மத்திய ஆயுதப் படை ஒன்றில் ஆறு வருடச் சர்வீஸ். நானும் அப்படி ஒரு படையில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுது பார்க்கிறவனாக இருந்து 2016-ல் ஓய்வு பெற்றவன் என்பது என் எழுத்தைப் படித்து வரும் நண்பர்களுக்குத் தெரியும். காபி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்ததும் கேட்டான்.

"பெரியப்பா, எங்க கம்பெனிக்கு எக்ஸ்-95 வரப்போகுது. ஸ்லிங் ரெண்டு மாதிரி இருக்காம். யாருக்கு எது வேணும்னு கேட்டிருக்காங்க. நான் எதைச் சொல்லட்டும்?"

தோளில் மாட்டுகிற வார்தானே, எதுவானால் என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம். 1980-ல் நான் பயிற்சிக்குப் போனபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்போது கையில் .303 ரைபிள். பருத்தி நாடா வார், இரண்டு முனையிலும் பித்தளை. அதைத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தால் உஸ்தாத் திட்ட மாட்டார். வாரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பிறகு எஸ்.எல்.ஆர். வந்தது, அதன்பின் இன்சாஸ். நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையிலும் இன்சாஸ் செய்தார்கள். இவை எல்லாமே நீளமான துப்பாக்கிகள். முன்னால் ஒரு வளையம், பின்னால் ஒரு வளையம், நடுவில் வார். யோசிக்க ஒன்றுமில்லை.

எக்ஸ்-95 வேறு ஜாதி. இஸ்ரேல்காரர்கள் வடிவமைத்தது. இந்த அமைப்புக்குப் புல்பப் என்று பெயர். சாதாரணத் துப்பாக்கியில் தோட்டா அறையும் மேகசினும் விசைக்கு முன்னால் இருக்கும். பின்னால் இருக்கும் கட்டை தோளில் முட்டுக்கொடுக்க மட்டும்தான். புல்பப்பில் தோட்டா அறை, மேகசின் எல்லாவற்றையும் அந்தப் பின்கட்டைக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். அதனால் குழல் நீளத்தை அதிகம் குறைக்காமலே மொத்த நீளத்தைக் குறைக்க முடிகிறது. இன்சாஸ் 96 செ.மீ.; எக்ஸ்-95 ஏறத்தாழ 58 செ.மீ. ஆஸ்திரியாக்காரர்கள் 1970-களிலும், பிரிட்டிஷ்காரர்கள் 1985-லும் இந்த மாதிரிக்கு மாறினார்கள். நம் நாட்டில் காட்டுக்குள்ளும் வண்டிக்குள்ளும் வீட்டுச் சந்துகளிலும் வேலை பார்க்கிற படையினருக்கு இது கொடுக்கப்படுகிறது.

நீளம் குறைந்ததில் சௌகரியம் உண்டு. ஆனால் கனம் முழுக்கப் பின்னால் போய்விட்டது. முன்கையால் பிடிக்கிற இடமும் குறுகிவிட்டது. வார் விஷயத்தில் கவனிக்க வேண்டியது இந்த இரண்டையும்தான்.

வாயால் சொன்னால் புரியாது என்று ஒரு விறகுக்கட்டையை 58 செ.மீ. அளவுக்கு அறுத்தேன். பின் முனையில் ஒரு கிலோ கல் உப்புப் பொட்டலத்தை வைத்துக் கட்டினேன். பழைய நாடாக் கட்டிலில் இருந்து கழற்றி வைத்திருந்த நாடாதான் வார்.

முதலில் ஒற்றை முனை வார். கட்டையின் பின்பக்கம் ஒரே இடத்தில் கட்டி, நாடாவைத் தோளைச் சுற்றி வளையமாக மாட்டினேன். கையை விட்டால் கட்டை நெஞ்சுக்கு முன்னால் செங்குத்தாக, முனை தரையைப் பார்த்துத் தொங்கும். சட்டென்று எடுக்கலாம், வலது தோளில் இருந்து இடது தோளுக்கு மாற்றலாம். குட்டைத் துப்பாக்கி என்பதால் முழங்காலிலும் இடிக்காது. தம்பி மகனுக்கு அது பிடித்துப்போயிற்று.

"சரி, கிணத்துல ஒரு வாளி தண்ணி எறைச்சுட்டு வா" என்றேன்.

குனிந்தான். கட்டை முன்னால் ஆடிக் கிணற்றுச் சுவரில் 'டொக்'கென்று இடித்தது. அடுத்து என் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை நடக்கச் சொன்னேன். குழந்தையின் காலில் கட்டை தட்டித் தட்டி அவள் சிணுங்க ஆரம்பித்துவிட்டாள். "அடிபட்ட ஆளைத் தூக்கும்போதும் இப்படித்தான் இருக்கும்" என்று சொன்னேன்.

அப்புறம் முன்னும் பின்னும் கட்டி இரட்டை முனை வார். உடம்பின் குறுக்கே மாட்டி, முதுகுப் பக்கம் தள்ளி, நாடாவை இழுத்து இறுக்கினேன். அதே வாளி, அதே பேத்தி. கட்டை அசையவில்லை. வத்திராயிருப்புப் பக்கம் தென்னை ஏறுகிறவர்களைப் பாருங்கள். அரிவாளை இடுப்புக்குப் பின்னால் செருகிக்கொண்டுதான் ஏறுவார்கள். அரிவாள் கையில் எடுக்க எவ்வளவு லேசோ, மறந்துவிட்டு ஏறவும் அவ்வளவு லேசாக இருக்க வேண்டும். துப்பாக்கியும் அப்படித்தான்.

வண்டியில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிற வேலைக்கும் வீடு புகுந்து தேடுகிற வேலைக்கும் ஒற்றை முனை நல்லது. நாள் முழுக்கக் காட்டில் நடந்து, ஓடை தாண்டி, மேடு ஏறுகிறவனுக்கு இரட்டை முனைதான். இழுத்தால் இறுகி, தள்ளினால் தளர்கிற வகையாக இருப்பது நல்லது. அவன் வேலை காட்டில். அதனால் இரட்டை முனையே கேட்கச் சொன்னேன்.

மாட்டுகிற முறையையும் சொல்லிக்கொடுத்தேன். முதலில் மேகசினைக் கழற்றி, அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். வலது கைக்காரன் துப்பாக்கியின் இடது பக்கத்தில், உடம்பை ஒட்டுகிற பக்கத்தில் மாட்ட வேண்டும். அப்போதுதான் துப்பாக்கி புரளாமல் படியும். புல்பப்பில் தோட்டாக் கூடு வெளியே தெறிக்கும் வாய் கன்னத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வார் அதன் குறுக்கே வரக்கூடாது. முன்கை பிடிக்கும் இடத்திலும் சிக்கக்கூடாது. மேகசின் அக்குள் பக்கம் இருப்பதால், மாற்றும்போது கை வாரில் மாட்டாமல் போய்வருகிறதா என்று பத்துத் தடவை பழக வேண்டும். நீளத்தைப் பனியனோடு நின்று அளக்கக்கூடாது. குண்டு துளைக்காத சட்டை, முதுகுப் பை எல்லாம் போட்டுக்கொண்டு அளக்க வேண்டும். மீந்த நாடாவைச் சுருட்டி ரப்பர் வளையம் போட வேண்டும்.

"கடைசியா, கொக்கி. மாட்டினதும் கையால வெடுக்குனு இழுத்துப் பாரு. திருப்பி இழுத்துப் பாரு. ஸ்பிரிங் கொஞ்சம் தளர்வா இருந்தாலும் வாங்காதே."

"ஏன் பெரியப்பா, இதை மட்டும் இவ்வளவு அழுத்திச் சொல்றீங்க?"

வீட்டில் யாரிடமும் சொல்லாத விஷயம். அவனிடம் சொன்னேன்.

2013, மழைக்காலம், சத்தீஸ்கர் காடு. என் ஓய்வுக்கு மூன்று வருடம் பாக்கி. பீகார்க்காரப் பையன் ஒருவன் கோத்துக்கு, அதாவது ஆயுத அறைக்கு, வந்து, "உஸ்தாத், இந்தக் கொக்கி ஆடுது" என்றான். ஒற்றை முனை வார். நானும் அழுத்திப் பார்த்தேன். ஸ்பிரிங் சோர்ந்துதான் இருந்தது. கையிருப்பில் வேறு இல்லை. "அடுத்த வாரம் மாத்தித் தரேன், போ" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன். ஒரு பழைய துண்டு நாடாவால் இறுக்கிக் கட்டியாவது கொடுத்திருக்கலாம். அதைக்கூடச் செய்யவில்லை.

அன்றிரவே ஓடை தாண்டும்போது கொக்கி விட்டுவிட்டது. துப்பாக்கி தண்ணீரில் போயிற்று. ஆயுதத்தை விட்டுவிட்டு நகர முடியாது. இடுப்பளவு தண்ணீரில் சிலர் தடவித் தேட, மற்றவர்கள் கரையில் காவல் நின்றார்கள். ஐந்து மணி நேரம். எதிரிக்குத் தெரிந்திருந்தால் எத்தனை பேர் திரும்பியிருப்பார்களோ. விடிகிற நேரத்தில் துப்பாக்கி கிடைத்தது.

விசாரணையில் என்னைக் கேட்டார்கள். "கொடுக்கும்போது சரியாக இருந்தது" என்றேன். ஒரே வரி. பையனின் பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப்போயிற்று. அவன் வாய் திறக்கவில்லை.

தம்பி மகன் ஒன்றும் பேசவில்லை. கட்டையில் இருந்த உப்புப் பொட்டலத்தை அவிழ்த்து அடுக்களையில் கொண்டுபோய் வைத்தான். சாப்பிடும்போதுதான் கேட்டான். "அவர்கிட்ட அப்புறம் பேசினீங்களா?"

பேசவில்லை. மறுநாள் அவனை ஸ்ரீவில்லிபுத்தூரில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏற்றிவிட்டு வந்து, பழைய நண்பர்களிடம் நம்பர் வாங்கி, போன் போட்டேன். குரலைக் கேட்டதுமே "உஸ்தாத்!" என்றான். இப்போது அவன் ஹவில்தார். நடந்ததைச் சொல்லி, தப்பு என்னுடையது என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "எனக்குத் தெரியும் உஸ்தாத். நான் சொல்லியிருந்தா உங்க பென்ஷன்ல கை வச்சிருப்பாங்க. எனக்கு ரெண்டு வருஷம்தானே" என்றான். பிறகு என் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தான். எனக்குத்தான் பதில் வரவில்லை.

நேற்று தம்பி மகனிடமிருந்து செய்தி வந்தது. "வார் வந்துவிட்டது பெரியப்பா. பின் கொக்கி தளர்வாக இருந்தது. வேறு கொடுக்கும்வரை கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆர்மரர் முணுமுணுத்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார்."